ஒற்றர் அணியின் அக்கா

குளிர் என்றாலே அன்ரனிற்றாவுக்கு ஆகாது. மன்னார் பேசாலையில் உப்புக் காற்றும் வெயிலுமாக வளர்ந்த உடம்பு. ஜெர்மனிக்கு வந்த முதல் குளிர்காலத்தை அகதி முகாமின் சமையலறையில், ஹீட்டருக்கு முதுகைக் கொடுத்தபடியே கழித்தவள். அப்படிப்பட்டவள் பிறகு வாரத்தில் நாலு நாள் ஐஸ் மண்டபத்துக்குள் நின்றாள், அதுவும் யாரும் வற்புறுத்தாமல் தானாகவே போய் நின்றாள் என்றால், கொழும்பில் இருந்த தங்கை நம்பவேயில்லை. "அக்கா பகிடி விடுறா" என்று தொலைபேசியில் சிரித்தாள்.

எல்லாம் மகன் ஜெசிந்தனால் வந்தது. அவர்கள் இருந்த முகாம் ஹம் நகரத்துக்கு அடுத்த சிறிய ஊர் ஒன்றில், ஐஸ் மண்டபத்தின் பின்பக்கமாக இருந்தது. ஐந்து வயதுப் பிள்ளை பின்கதவடியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான். மண்டபத்தைப் பராமரித்தவர் ஒருநாள் அவனை உள்ளே கூப்பிட்டு, யாரோ விட்டுப்போன சறுக்குச் சப்பாத்தைக் காலில் மாட்டிவிட்டார். வதிவிட அனுமதி கிடைத்து, கணவன் ஜேசுரட்ணத்துக்குக் கம்பித் தொழிற்சாலையில் வேலையும் கிடைத்து, குடும்பம் ஹம்முக்கு வீடு மாறிய பிறகும் பிள்ளை அந்த மண்டபத்தை விடவில்லை. ரயிலேறிப் போனான்.

ஒருநாள் பள்ளிக்கூடத்தால் வந்தவன், "அம்மா, என்னை ஒற்றர்ல சேர்த்திட்டினம்" என்றான்.

அன்ரனிற்றா ஓடிப்போய் வாசற்கதவைச் சாத்தினாள். ஒற்றர் என்றால் உளவுகாரர். அந்தச் சொல் ஒருவன்மேல் விழுந்தால் ஊரில் என்ன நடக்கும் என்பதைக் கண்ணால் கண்டுவிட்டு வந்தவள் அவள்.

"ஆரடா சேர்த்தது? ஆரின்ர ஒற்றர்?"

பிள்ளை பையிலிருந்து ஒரு நீலச் சட்டையை இழுத்துக் காட்டினான். மீசை வைத்த நீர்நாய் ஒன்று ஹொக்கி மட்டையுடன் அதில் சிரித்துக்கொண்டிருந்தது. நீர்நாய்க்கு டொச் என்கிற ஜெர்மன் மொழியில் ஒற்றர் என்று பெயர். லிப்பெ ஆற்றங்கரை ஊர் என்பதால், 1974இல் சங்கத்தைத் தொடங்கியவர்கள் அதற்கு லிப்பெ ஒற்றர் என்று பெயர் வைத்திருந்தார்கள். ஜேசுரட்ணம் இந்தக் கதையை ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போதெல்லாம் சொல்லிச் சிரிப்பான். "என்ர மனுசி பெடியனை ஒளிச்சு வைக்கப் பாத்தவள்" என்பான்.

முதல் ஆட்டத்தைப் பார்க்கப் போன அன்று, எதிரணிப் பையன் ஒருவன் ஜெசிந்தனை ஓடிவந்து பக்கப் பலகையோடு மோதி விழுத்தினான். அன்ரனிற்றா எழும்பி நின்று, "டேய்! உனக்கு அம்மா அப்பா இல்லையோடா?" என்று தமிழில் கத்தியது கூரைவரை கேட்டது. மண்டபமே திரும்பிப் பார்த்தது. விழுந்த ஜெசிந்தன் எழும்பித் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான். ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளர் பிரிங்க்மன் அவளிடம் வந்தார். முன்னாள் சுரங்கத் தொழிலாளி. பெரிய கைகள், குறைந்த பேச்சு. ஏதோ ஏசப்போகிறார் என்று அவள் நினைத்தாள்.

"உங்களுக்கு நல்ல குரல். எங்களுக்கு அது தேவை" என்றார் அவர்.

சட்டைகளில்தான் அது தொடங்கியது. பையன்களின் ஹொக்கிச் சட்டைகள் ஒரு பெரிய பையில் கிடந்து நாறும். முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலை செய்தவளுக்கு அந்த மணத்தைப் பொறுக்க முடியவில்லை. பையை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனாள். திங்கட்கிழமை வெளுத்து, மடித்து, இலக்க வரிசையில் அடுக்கிக்கொண்டு வந்து கொடுத்தாள். அடுத்த வாரமும் பை அவளைத் தேடி வந்தது. அதற்கடுத்த வருடம், 1992இல், அணியைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் வேறு ஊருக்குப் போனபோது பிரிங்க்மன் இவளைக் கேட்டார். ஆட்டங்களுக்குப் பெற்றோரைத் தொலைபேசியில் கூப்பிட வேண்டும், பேருந்து ஒழுங்குசெய்ய வேண்டும், காயம் பட்டவனுக்கு ஐஸ் கட்டி வைக்க வேண்டும், அழுகிறவனை ஒரு மூலைக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அவளுடைய டொச்சில் கட்டளைகள்தான் இருந்தன. தொப்பியைப் போடு, வாயை மூடு, கெதியாய் வா. ஹொக்கி அணிக்கு அதற்கு மேல் தேவைப்படவில்லை.

பையன்களுக்கு ஜேசுரட்ணம் என்ற பெயர் வாயில் வரவில்லை. ஃபிரவ் ஜேசு என்று கூப்பிடத் தொடங்கினார்கள். திருமதி இயேசு! அன்ரனிற்றா காதைப் பொத்திக்கொண்டாள். "பாவமடா! அக்கா எண்டு சொல்லுங்கோ" என்றாள். அன்றிலிருந்து பொன்முடிக்காரப் பையன்கள் எல்லாரும் மண்டபம் அதிர அக்கா, அக்கா என்று கூப்பிட்டார்கள். அவர்களில் பலர் அதுதான் அவளுடைய முதற்பெயர் என்று கடைசிவரை நம்பினார்கள்.

அந்தப் பையன்களில் ஒருவன் ஹென்றிக். கோல் காப்பவன். தாய் இல்லை, தகப்பன் பாரவண்டி ஓட்டி வாரக்கணக்கில் ஸ்பெயின், போர்த்துக்கல் என்று போய்விடுவார். பயிற்சி முடிந்து மற்றவர்களை ஏற்றிப்போக வண்டிகள் வரும்போது அவன் சப்பாத்து நாடாவை மெதுவாகக் கழற்றிக்கொண்டிருப்பான். அவசரமில்லாதவன் என்று முதலில் அவள் நினைத்தாள். பிறகுதான் அவனுக்குப் போக வீட்டில் யாரும் இல்லை என்பது விளங்கியது. "வா, எங்களோட சாப்பிட்டிட்டுப் போ" என்றாள். அதன் பிறகு சனிக்கிழமைகளில் ஜெசிந்தனுக்குப் பக்கத்தில் இன்னொரு சாப்பாட்டுக் கோப்பையும் வைப்பது வழக்கமாயிற்று. புட்டை அவன் கரண்டியால் சாப்பிட்டான். மீன் குழம்பின் உறைப்புக்குக் கண்ணில் நீர் வழிய வழிய இன்னும் கேட்டான். அதிகம் கதைக்கமாட்டான். ஆனால் சாப்பிட்ட கோப்பையைக் கழுவி வைக்காமல் எழும்பிப் போனதில்லை.

மண்டபத்தின் நுழைவாயிலில் கறுப்புப் பலகை ஒன்று தொங்கியது. அணியின் சரித்திரம் முழுவதும் அதில் வெள்ளை எழுத்தில் இருந்தது. ஒரு பருவத்தில் அதிக கோல் அடித்தவன் டெட்லெஃப், முப்பத்தெட்டு, 1979. தொடர்ந்து கோல் விடாத ஆட்டங்கள் இரண்டு, 1982. அணி எட்டிய உயர்ந்த இடம் நாலாவது. அதற்கு மேல் இளையோர் அணி போனதே இல்லை. எழுத்துகளை வரைந்தவர் பிரிங்க்மன்தான். பருவம் முடிந்த பிறகுதான் தூரிகையைத் தொடுவார். நடுவில் ஏதும் சாதனை நடந்தால் பென்சிலால் மெல்லக் குறித்து வைப்பார்.

1995 இலையுதிர்காலத்தில் அந்தப் பலகையில் பென்சில் அடிக்கடி ஓடியது. என்ன மாயம் என்று யாருக்கும் விளங்கவில்லை. வளர்ந்து நெடுத்த ஜெசிந்தன் பக்கைத் தொட்டால் கோல் என்றாயிற்று. அந்தக் கறுப்பு ரப்பர் வட்டு அவனுடைய மட்டையில் ஒட்டிக்கொண்டு வந்தது. அவனைவிட ஹென்றிக்தான் ஆச்சரியம். டோர்ட்முண்டுக்கு எதிராக ஒரு கோல்கூட விடவில்லை. மியூன்ஸ்டருக்கும் விடவில்லை. ஹெர்னவிலிருந்து வந்த அணி பெரியது, முரடானது, அவர்களுக்கும் விடவில்லை. நாலாவதாக உன்னா நகர அணி. கடைசி நிமிடத்தில் ஒருவன் தனியாக வந்து அடித்ததை ஹென்றிக் படுத்தபடி காலை நீட்டித் தடுத்தான். மண்டபம் எழும்பி நின்று கத்தியது. அன்ரனிற்றா தண்ணீர்ப் போத்தல்களைக் கீழே போட்டுவிட்டு அழுதாள். பையன்கள் ஹென்றிக்கின் மேல் குவியலாக விழுந்து கிடந்தார்கள். அன்று பிரிங்க்மன் பலகையில் பென்சிலால் எழுதினார்: நாலு ஆட்டங்கள், ஹென்றிக்.

டிசம்பரில், நத்தாருக்கு முன் அணி முதலிடத்தில் நின்றது.

ஆனால் ஆட்கள் குறைவு. ஒரு குடும்பம் பவேரியாவுக்குப் போய்விட்டது. ஒருவனுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. ஆடுவதற்குப் பத்துப் பேராவது வேண்டும் என்பது விதி. அதற்கு மேல் ஒருவன்தான் மிச்சம். மூன்று முறை ஆள் போதாமல் ஆட்டத்துக்கு வராவிட்டால் சம்மேளனம் அணியை விலக்கிவிடும், விலகிய அணி அதுவரை ஆடியதெல்லாம் செல்லாது என்று பிரிங்க்மன் விளக்கினார்.

"பருவம் முடியும்வரை யாரும் போகமாட்டோம் என்று பெற்றோர் எல்லாரும் வாக்குத் தர வேண்டும்" என்று சொல்லிவிட்டு அன்ரனிற்றாவைப் பார்த்தார். "நீங்கள் கேட்டால் தருவார்கள்."

அவள் கேட்டாள். ஒவ்வொரு வீட்டுக்கும் தொலைபேசி எடுத்தாள். எல்லாரும் ஓம் என்றார்கள். திருமதி லோமன் மட்டும் தயங்கினாள். அவளுடைய மகன் தோர்ஸ்டனைப் பக்கத்து நகரச் சங்கம் ஒன்று கேட்டிருந்தது, நல்ல இடம். அன்ரனிற்றா விடவில்லை. லோமன் வீட்டுக்கே போய், கோப்பி குடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"இந்தப் பிள்ளையள் ஒண்டாய் வளந்ததுகள். இப்ப ஒருத்தன் போனால் எல்லாம் குலைஞ்சு போகும். ஹென்றிக்கை நினைச்சுப் பாருங்கோ. அந்தப் பிள்ளைக்கு இதை விட்டால் வேற என்ன இருக்கு?" இதையெல்லாம் அவள் உடைந்த டொச்சில் சொன்னாள். ஆனாலும் திருமதி லோமனுக்கு விளங்கியது. அடுத்த நாளே அந்தச் சங்கத்துக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவர்கள் வேறு பையனை எடுத்துக்கொண்டார்கள்.

ஜனவரி நடுப்பகுதியில், ஒரு வெளியூர் ஆட்டம் முடிந்து பேருந்துக்குப் பைகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது, கண்ணாடி போட்ட இளைஞர் ஒருவர் அன்ரனிற்றாவிடம் வந்து கைகொடுத்தார். ரைன் நதிக்கரையில் உள்ள பெரிய சங்கமொன்றின் பெயரைச் சொன்னார். ஜெசிந்தனை எடுத்துக்கொள்ள விருப்பம்; தங்குவதற்குக் குடும்பம், நல்ல பள்ளி, எல்லாம் ஆயத்தம். சங்கம் மாற இந்த மாத முடிவுவரைதான் அவகாசம்.

"பருவம் முடிய வந்தால் சரிவராதா?" என்று கேட்டாள்.

"அடுத்த வருடம் பார்க்கலாம். ஆனால் இடம் இருக்கும் என்று சொல்ல மாட்டேன்" என்றார் அவர், மரியாதையாகத்தான்.

அடுத்த வருடம் என்ற சொல் அன்ரனிற்றாவுக்கு வேறுவிதமாகக் கேட்டது. இருபது வயதில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் தாதிப் பயிற்சிக்கு அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. ஐயாவுக்குச் சுகமில்லை, அடுத்த வருசம் போகலாம் என்று வீட்டில் சொன்னார்கள். அடுத்த வருடம் அந்த இடம் வேறு பிள்ளைக்குப் போயிற்று. அதன் பிறகு நாடே குழம்பிவிட்டது. இப்போது அவள் வயோதிபர்களின் படுக்கை விரிப்புகளைத் துவைக்கிறாள்; ஊசி போடுகிற வெள்ளுடுப்புப் பெண்கள் அவளைக் கடந்து போகிறார்கள்.

வீட்டில் மூன்று பேரும் மேசையைச் சுற்றி இருந்தார்கள்.

"இஞ்சாரும், இதில யோசிக்க என்ன கிடக்கு?" என்றான் ஜேசுரட்ணம். "எங்கட ஆக்களின்ர பிள்ளைக்கு இப்பிடி ஒரு கதவு ரெண்டாந்தரம் திறக்காது."

"நான் எல்லாரிட்டையும் வாக்கு வாங்கினனான், இஞ்சாருங்கோ. லோமன் வீட்டில போய் இருந்து கதைச்சனான்."

"அது சரி. அவை உமக்குச் சோறு போடப்போகினமோ?"

அவள் மகனைப் பார்த்தாள். "நீ சொல்லு தம்பி. உனக்குப் போக விருப்பமோ?"

ஜெசிந்தன் மேசை விரிப்பின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தான். "தெரியேல்லை. நீங்கள் சொல்லுங்கோ அம்மா."

பதினைந்து வயதுப் பிள்ளை. வேண்டாம் என்று அவள் சொல்லியிருந்தால் இருந்திருப்பான். அவள் போ என்றாள்.

பிரிங்க்மனிடம் சொல்லப் போனபோது அவர் சறுக்குச் சப்பாத்துகளைத் தீட்டும் அறையில் நின்றார். அவள் சொல்லி முடிக்கும்வரை இயந்திரத்தை நிறுத்தவில்லை. பிறகு நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்தார்.

"பையனுக்கு நல்லது. தாய் என்றால் அப்படித்தான் செய்ய வேண்டும்" என்றார். அடுத்த சப்பாத்தைக் கையில் எடுத்தபடி, "ஹென்றிக்குக்கு நீங்கள் சொல்கிறீர்களா, நான் சொல்லவா?"

"நான் சொல்லுறன்" என்றாள்.

அந்தச் சனிக்கிழமை ஹென்றிக் வழக்கம்போலச் சாப்பிட வந்தான். அன்ரனிற்றா அவனுக்குப் பிடித்த மீன் பொரியல் செய்திருந்தாள். சொல்ல வேண்டும், சொல்ல வேண்டும் என்று இரண்டுதரம் அவன் பக்கத்தில் போய் நின்றாள். இன்னொரு துண்டு மீனை வைத்துவிட்டுத் திரும்பினாள். ஜெசிந்தனும் வாய் திறக்கவில்லை. அம்மா சொல்வா என்று அவன் நினைத்திருந்தான். ஹென்றிக் ஞாயிறு ஆட்டத்தைப் பற்றிக் கதைத்தான். இன்னும் ஆறு ஆட்டம் வென்றால் பலகையில் முதலாம் இடம் என்று எழுதலாம் என்றான். வழமையைவிட அதிகமாகவே கதைத்தான். கோப்பையைக் கழுவி வைத்தான். போனான்.

அடுத்த நாள் உடை மாற்றும் அறையில் யாரோ ஒரு பையனின் வாயிலிருந்து அவன் அதைக் கேட்டான்.

ஜெசிந்தன் போன பிறகும் அணி மட்டுமட்டாகப் பத்துப் பேரோடு நின்றது. தோர்ஸ்டன் லோமன் இருந்தவரை நின்றது. அடுத்த பயிற்சிக்கு அவன் வரவில்லை. அன்ரனிற்றா தொலைபேசி எடுத்தபோது திருமதி லோமன் மிக அமைதியாகப் பேசினாள்.

"நீங்கள் என் சமையலறையில் உட்கார்ந்து கேட்டீர்கள் என்பதற்காக நான் வேண்டாம் என்றேன். இப்போது அந்த இடத்தில் வேறொருவனின் பிள்ளை ஆடுகிறான். என் மகன் இனி ஹொக்கி ஆடப்போவதில்லை என்கிறான். உங்களுக்குச் சொல்ல என்னிடம் வேறு ஒன்றும் இல்லை."

அன்ரனிற்றா இன்னும் பல வீடுகளுக்குத் தொலைபேசி எடுத்தாள். பழைய ஆட்டக்காரர், தம்பிமார், மச்சான்மார், சறுக்கத் தெரிந்த யாராவது இருந்தால் போதும் என்று கெஞ்சினாள். முன்பு அவளுடைய குரலைக் கேட்டதும் சிரித்துக்கொண்டு பேசியவர்கள் இப்போது வேலை இருக்கிறது என்றார்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆள் போதாமல் போயின. பெப்ரவரி முடிவில் சம்மேளனத்திலிருந்து அறிவிப்பு வந்தது. லிப்பெ ஒற்றர் இளையோர் அணி விலக்கப்பட்டது. அந்தப் பருவத்தில் அவர்கள் ஆடிய எல்லா ஆட்டங்களும், அடித்த கோல்களும், விடாத கோல்களும் கணக்கிலிருந்து நீக்கப்பட்டன.

துவைத்த சட்டைகளைத் திருப்பிக் கொடுக்க அவள் ஒரு மதியம் மண்டபத்துக்குப் போனாள். நுழைவாயிலில் பிரிங்க்மன் ஏணியில் நின்று, ஈரத் துணியால் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பென்சில் எழுத்து என்பதால் லேசாகப் போயிற்று. ஜெசிந்தனின் கோல்கள் போயின. நாலு ஆட்டங்கள், ஹென்றிக் என்ற வரியில் அவருடைய கை கொஞ்சம் நின்றது. பிறகு அதையும் துடைத்தார். கீழே டெட்லெஃபின் பெயரும் 1982 என்ற எண்ணும் அப்படியே இருந்தன. அவர் இறங்கும்வரை அவள் பையோடு நின்றாள். சட்டைகளை வாங்கிக்கொண்டு, "நன்றி, அக்கா" என்றார். அதுவரை அவர் அவளை ஃபிரவ் ஜேசு என்றுதான் அழைத்திருந்தார். அன்று ஏன் மாற்றினார் என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஹென்றிக் சனிக்கிழமைகளில் வருவதை நிறுத்திவிட்டான். ஒரே ஒரு முறை, வசந்தகாலத்தில், அழைப்பு மணி அடித்தது. தன்னிடமிருந்த அணிச் சட்டையைக் கொடுக்க வந்திருந்தான்.

"உள்ளுக்கு வா தம்பி. சாப்பாடு ஆயத்தம்."

"வேண்டாம், அக்கா." சட்டையை நீட்டினான். திரும்பப் போனவன் படியில் நின்றான். "அக்கா, நான் அந்த நாலு ஆட்டமும் ஆடினேன்தானே?"

"ஆடினாய், மோனை. நான் பாத்தனான். எல்லாரும் பாத்தவை."

அவன் தலையை ஆட்டினான். அந்தப் பதில் அவனுக்குப் போதவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. படியால் அவன் இறங்குகிற சத்தத்தைக் கேட்டபடி சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அது ஏற்கெனவே துவைத்து, மடித்து இருந்தது. மடிப்பு அவள் மடிக்கிற மாதிரியே இருந்தது.

ரைன் கரையில் ஜெசிந்தனுக்கு என்ன நடந்தது என்பது பெரிய கதை இல்லை. அங்கே அவனைப்போல இருபது பேர் இருந்தார்கள். அவனைவிட நன்றாக ஆடியவர்கள் சிலர். முதல் வருடம் பெரும்பாலும் ஆட அழைக்கப்படாமல் வாங்கில் இருந்தான். இரண்டாம் வருடம் முழங்கால் பிரச்சினை கொடுத்தது. தங்கியிருந்த குடும்பம் நல்ல குடும்பம். ஆனால் ஞாயிறு பின்னேரங்களில் தொலைபேசியில் அவனுடைய குரல் வரவரச் சிறுத்துக்கொண்டு போனது. 1997 இலையுதிர்காலத்தில் இரண்டு பெட்டிகளோடு வந்து இறங்கினான்.

"போதும் அம்மா" என்றான்.

அவள் ஏன் என்று கேட்கவில்லை. ஜேசுரட்ணம் மட்டும் ஒரு கிழமை யாரோடும் கதைக்காமல் திரிந்தான். பிறகு தொழிற்சாலையில் விசாரித்து மகனுக்கு மின்சார வேலையில் பயிற்சிக்கு இடம் எடுத்துக் கொடுத்தான். ஜெசிந்தனுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. காலையில் விசிலடித்துக்கொண்டு போவான். தாய்தான் விசிலைக் கேட்கும்போதெல்லாம் கையில் இருப்பதைக் கீழே வைத்தாள்.

ஒருநாள் அவன் சோற்றைப் பிசைந்தபடி, யோசிக்காமல் ஒன்றைச் சொல்லிவிட்டான்.

"உண்மையைச் சொன்னால் அம்மா, நான் சந்தோசமாய் விளையாடினது அந்த வருசம்தான். ஒற்றரில. ஹென்றிக் பின்னால நிக்கிறான் எண்டு தெரிஞ்சால் பயமில்லாமல் முன்னால போவன். அங்க அப்பிடி ஒருத்தரும் இருக்கேல்லை."

"அப்ப ஏன் நீ அண்டைக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் போ எண்டீங்கள்" என்றான். குற்றமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னான். அன்ரனிற்றா எழும்பி அடுப்படிக்குப் போய், தேவையில்லாத சட்டியொன்றைத் தேய்க்கத் தொடங்கினாள்.

அவனும் ஹென்றிக்கைத் தேடிப் போனதில்லை. வெட்கமாக இருக்கிறது என்றான்.

1999இல் சங்கத்துக்கு இருபத்தைந்து வயதாயிற்று. பழைய ஆட்டக்காரர், பெற்றோர், உதவியாளர் எல்லாருக்கும் அழைப்பு அனுப்பியிருந்தார்கள். அவளுக்கும் வந்தது.

"போகாதேயும்" என்றான் ஜேசுரட்ணம். "என்னத்துக்கு அங்க போய் மூஞ்சையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிக்கிறீர்?"

அவள் போனாள். நீலச் சேலை உடுத்து, அதற்கு மேல் பழைய சிவப்பு ஜாக்கெட்டையும் போட்டுக்கொண்டு போனாள். மண்டபம் மாறவில்லை, அதே ரப்பர் மணம், அதே ஈரம். திருமதி லோமன் தூரத்தில் நின்றாள். கண்கள் சந்தித்தன. தலையை லேசாக அசைத்துவிட்டு வேறுபக்கம் திரும்பினாள்.

சங்கத்தின் சரித்திரத்தைப் புத்தகமாகப் போட்டிருந்தார்கள். அன்ரனிற்றா ஒரு மூலையில் இருந்து பக்கங்களைத் திருப்பினாள். ஒவ்வொரு பருவத்துக்கும் படங்கள், புள்ளிகள், கோல் அடித்தவர்களின் பெயர்கள். பத்தாம் இடம் வந்த வருடத்துக்குக்கூட அரைப் பக்கம் இருந்தது. 1995–96 என்ற தலைப்பின் கீழ் ஒரே ஒரு வரி. இளையோர் அணி பருவத்தின் நடுவில் விலகியது, முடிவுகள் இல்லை.

பிரிங்க்மன் தாடி நரைத்து, பியர் குவளையுடன் அவளிடம் வந்து உட்கார்ந்தார். புத்தகத்தை எழுதியது அவர்தான்.

"ஒரு வரி கூடப் போட்டிருக்கலாமே" என்றாள். இப்போது அவளுடைய டொச் நன்றாக இருந்தது. "அந்த நாலு ஆட்டத்தைப் பற்றி. ஹென்றிக்கின் பெயரையாவது."

"சம்மேளனத்தின் கணக்கில் அது இல்லை. இல்லாததை நான் எப்படி எழுதுவது?"

"நீங்கள் பார்த்தீர்கள்தானே?"

"பார்த்தேன்." அவர் குவளையைச் சுழற்றினார். "நாற்பது வருட ஹொக்கியில் நான் பார்த்த மிக நல்ல அணி அது. ஒரு நாள் எழுதிப் பார்த்தேன், அக்கா. எழுதினால் ஏன் முடிந்தது என்றும் எழுத வேண்டும். அதை எழுத எனக்கு மனம் வரவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்."

அவளுக்காகத்தான் விட்டிருக்கிறார் என்பது வீடு திரும்பும் ரயிலில்தான் அவளுக்கு உறைத்தது. ஏன் முடிந்தது என்று எழுதினால் யாருடைய பெயர் வரும்? அவளைக் காப்பாற்ற நினைத்த அந்த மனிதர் ஹென்றிக்கை இரண்டாம் தரமும் அழித்திருந்தார்.

அந்தக் கோடையிலேயே, வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒன்றில், வேலை முடிந்து ஹம் ரயில் நிலையத்தால் நடந்துகொண்டிருந்தபோது அவனைக் கண்டாள். மேடை நிறையக் கட்டாய ராணுவ சேவையில் இருக்கும் பையன்கள், வார இறுதிக்கு வீடு போகிறவர்கள். அவர்களில் ஒருவன் பெரிய பையைக் காலடியில் வைத்துக்கொண்டு நின்றான். தலைமயிரை ஒட்ட வெட்டியிருந்தான். தோள் அகன்றிருந்தது. அவள் நின்றுவிட்டாள். போய்விடலாமா என்றும் யோசித்தாள். அதற்குள் அவன் கண்டுவிட்டான்.

"அக்கா!"

சுற்றி நின்ற பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் வெட்கப்படவில்லை. அருகே வந்து கைகொடுத்தான்; பிறகு ஏதோ நினைத்தவன்போலக் குனிந்து அவளை அணைத்துக்கொண்டான். தகப்பன் சுகமாம். சேவை முடிந்தால் மர வேலை படிக்கப்போகிறானாம். ஹொக்கி விட்டுவிட்டானாம், எப்போதோ.

"ஜெசிந்தன் எப்படி?"

"திரும்பி வந்திட்டான். மின்சார வேலை படிக்கிறான்."

"கேள்விப்பட்டேன்."

அவள் நெடுநாளாக மனதுக்குள் அடுக்கி வைத்திருந்த சொற்கள் எல்லாம் ஒரே நேரத்தில் முண்டியடித்தன. எங்கே தொடங்குவது என்று தெரியாமல், "சங்கத்தின்ர புத்தகத்தில உன்ர நாலு ஆட்டத்தையும் போடேல்லை" என்றாள். பாதி தமிழ், பாதி டொச்.

அவன் புருவத்தை உயர்த்தினான். "நாலா? நான் மூன்று என்று நினைத்துக்கொண்டிருந்தேன்."

"நாலு! டோர்ட்முண்ட், மியூன்ஸ்டர், ஹெர்ன, உன்னா. உன்னாவோட நீ படுத்துக்கொண்டு காலால தடுத்தாய்."

"அப்படியா?" என்று சிரித்தான். உண்மையாகவே மறந்துவிட்டானா, அல்லது அவளுக்காக மறந்ததுபோல நடிக்கிறானா என்று அவன் முகத்தில் படிக்க முடியவில்லை. சிறுவயதிலும் அவன் முகம் அப்படித்தான்.

"அக்கா, ஜெசிந்தன் போனதில் எனக்குக் கோபம் இல்லை. என்னைக் கேட்டிருந்தால் நானும் போயிருப்பேன்." பையைத் தூக்கித் தோளில் மாட்டினான். "அந்தச் சனிக்கிழமை நீங்கள் எனக்குச் சொல்லியிருக்கலாம். அவ்வளவுதான். நான் ஆறு ஆட்டம், முதலிடம் என்று மடையன்மாதிரிக் கதைத்துக்கொண்டிருந்தேன்."

அவள் வாயைத் திறப்பதற்குள் ரயில் இரைந்துகொண்டு வந்து நின்றது. பையன்கள் தள்ளிக்கொண்டு ஏறினார்கள். அவன் படியில் நின்று, பரவாயில்லை என்று கையைக் காட்டினான். அவள் மன்னிப்புக் கேட்காமலே அவன் மன்னித்துவிட்டிருந்தான். கேட்க வேண்டியது கேட்கப்படாமல் அவளிடமே நின்றுவிட்டது. கதவு மூடியது.

வீட்டில் ஜேசுரட்ணத்திடம், ஹென்றிக்கைக் கண்டதாகச் சொன்னாள்.

"கோவமாய் இருக்கிறானோ?"

"இல்லை. கட்டிப்பிடிச்சவன்."

"அப்ப நல்லதுதானே" என்றான் அவன், செய்தியைப் பார்த்தபடி.

அவள் ஓம் என்று சொல்லிவிட்டுச் சோறு போடப் போனாள். ஹென்றிக் கோபமாக இருந்திருந்தால் நல்லதாக இருந்திருக்கும், மன்னிப்பாவது கேட்டிருக்கலாம் என்பதை அவனுக்கு எப்படி விளங்கவைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.